மன்னர் மீசைக்கு உபயம்

வச்சிரவேலர் என்று ஒரு மன்னர். அவருக்கு நாடு உண்டு, படை உண்டு, வானத்தில் பறக்கும் வரமும் உண்டு. ஆனால் எல்லாம் செல்போனுக்குள்ளேதான். வெளியே அவருக்குத் திண்டுக்கல்லில் ஒரு பாத்திரக்கடை.

சதுரம் சதுரமான கற்களை அடுக்கி ஊர் கட்டுகிற விளையாட்டு அது. ஆன்லைனில் பலபேர் சேர்ந்து கட்டுவார்கள். சர்வருக்குப் பணம் கட்டுகிறவர் வச்சிரவேலர் என்பதால் அவரே மன்னர். அவர் மட்டும் பறக்கலாம், குடிமக்கள் நடக்க வேண்டும். அவர் ஒரு பட்டனை அமுக்கினால் ஊரே காணாமல் போய்விடும்.

அவருடைய அமைச்சர் பவளம். வத்தலக்குண்டில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே மந்திரி வேலை பார்ப்பவள். எதற்கெடுத்தாலும் கவலைப்படுவாள். பாலம் கட்டினால் இடிந்துவிடுமோ, இடியாவிட்டால் அதில் போகிறவன் வழுக்கி விழுவானோ என்று தவிப்பாள். இப்படிக் கவலைப்படுகிறவள் கட்டினால்தான் ஊர் நிற்கும் என்று புதுத் தலைநகரை மன்னர் அவளிடம் ஒப்படைத்திருந்தார்.

கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற மாதிரி, எதை வைத்தாலும் பக்கத்தில் ஒரு பலகை மாட்டிவிடுவார்கள். ‘கோழிக்கூண்டு. உபயம்: காசியம்மாள்.’ ‘மூன்றாவது படி மட்டும். உபயம்: பரமன்.’

தளபதி தணிகாசலத்துக்கு மந்திரி பதவிமேல் ஒரு கண். மன்னர் காதில் மெல்ல ஓதினான். “ஊரு உங்களுது மன்னா. பேரு மட்டும் காசியம்மாளுது!”

மன்னர் சபையைக் கூட்டினார். சபை என்றால், எல்லாரும் மைக்கை ஆன் செய்வது. யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது.

“அமைச்சரே! தலைநகரைப் பார்த்தால் என் முகம்தான் தெரிய வேண்டும். வேறு எவன் பேரும் தெரியக்கூடாது. தெரிந்தால் பட்டனை அமுக்கிவிடுவேன். கட்டினதெல்லாம் காலி!”

மாசக்கணக்காகக் கட்டிய ஊர் அது. பவளம் வாயைத் திறப்பதற்குள் காசியம்மாள் மைக்கில் வெடித்தாள்.

“எங்க பலகைய எடுத்தா ஒருத்தரும் கல்லு வைக்க மாட்டோம். அக்கா, நீயே ஒத்தையில கட்டிக்க!”

பவளம் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுக் கேட்டாள். “மன்னா, ஒரு சந்தேகம். பார்த்தால்னா, எங்கேயிருந்து பார்த்தால்?”

“இதென்ன கேள்வி? மேலேயிருந்துதான்! மன்னன் தெருவில் நடப்பானா?”

“சபையோர் கேட்டுக்கிட்டீங்களா?”

“கேட்டுக்கிட்டோம்!” என்றது சபை. குக்கரும் ஆமோதித்தது.

பவளம் துணிக்குக் குறி போடுகிற சாக்பீஸை எடுத்தாள். மெஷின் மேசை மேலேயே கோலப் புள்ளி வைத்தாள். ஊரில் ஒரு புள்ளிக்கு ஒரு பலகை. ஒவ்வொரு பலகையிலும் ஒரு விளக்கு தொங்க வேண்டும்.

“விளக்கு எதுக்குக்கா?” என்றான் பரமன்.

“உன் பேரு இருட்டுல தெரிய வேணாமா?”

அவ்வளவுதான், வேலை பறந்தது. ‘காசி, உன் கூண்டை நாலு கட்டம் தள்ளு. பரமா, படியைக் கொஞ்சம் வளைச்சுக் கொண்டு வா.’ யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தன் பேர் தெரிந்தால் போதும் அவர்களுக்கு.

திறப்பு விழா வந்தது. விளையாட்டுக்குள் பொழுது சாய்ந்ததும் மன்னர் மேலே பறந்தார். கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

“அடேயப்பா!”

ஊர் முழுக்க அவர் முகம்! உப்பிய கன்னம் பூரா வெளிச்சம். முறுக்கிய மீசை, வரிசையான பல். அவ்வளவு உயரத்திலிருந்து பலகை எழுத்து ஒன்றும் தெரியவில்லை. மன்னர் தட்டாமாலை சுற்றினார். “யோவ், குடம் அப்புறம் வாங்கலாம், முதல்ல இந்த மீசையைப் பாரும்!” என்று கடைக்கு வந்தவரிடம் போனை நீட்டினார்.

தணிகாசலம் தொண்டையைச் செருமினான். “மன்னா, கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்களேன்.”

மன்னர் இறங்கினார். நடந்து பழக்கமில்லாததால் நேராகக் கிணற்றுக்குள் விழுந்தார். ஏறி வந்தால் எதிரே, ‘கிணறு. உபயம்: சீனியப்பன்.’ திரும்பினால் கோழிக்கூண்டு. அந்தப் பக்கம் மூன்றாவது படி.

“பவளம்! என்னையே ஏமாத்திட்டியா? எல்லாப் பலகையையும் பிடுங்குய்யா!”

விரல் பட்டன் பக்கம் போனது. பவளத்தின் கால் மெஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் குரல் பிசகவில்லை.

“தாராளமா பிடுங்கட்டும் மன்னா. தளபதியே பிடுங்கட்டும். நீங்க மேலே போய்ப் பாருங்க.”

மன்னர் மேலே போனார். தணிகாசலம் காசியம்மாள் பலகைகளைப் பிடுங்கினான். பலகை போனதும் அதில் தொங்கிய விளக்குகளும் அவிந்தன.

“டேய்! மீசை!”

“என்ன மன்னா?”

“இடது மீசை போச்சுடா!”

பதறிப்போய் அடுத்த தெருவுக்குத் தாவி அங்கே பிடுங்கினான்.

“ஐயோ, முன்பல்லு! நிறுத்துடா!”

பொக்கை வாயும் ஒற்றை மீசையுமாக மன்னரின் முகம் ஊர் முழுக்கச் சிரித்தது. மைக்கில் நாலைந்து பேர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். மன்னர் இறங்கி வந்தார்.

“என்ன பவளம் இது? ஊர்ல உள்ள அத்தனை பேரும் என் மூஞ்சியில உட்கார்ந்திருக்காங்களே!”

“அவங்க எழுந்து போயிட்டா மூஞ்சி ஏது மன்னா?”

மன்னர் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள்! மைக் கரகரத்தது. திண்டுக்கல்லில் பாத்திர அடுக்கு ஒன்று சரிந்து விழுந்த சத்தம் எல்லார் வீட்டிலும் கேட்டது.

பிடுங்கிய பலகைகளைத் தணிகாசலமே திரும்ப எழுதி மாட்ட வேண்டியதாயிற்று. காசியம்மாள் பக்கத்திலேயே நின்றாள். “கோழிக்கூண்டுக்கு முன்னாடி ‘அழகிய’ன்னு சேர்த்துக்க தம்பி.”

“அமைச்சரே, உமக்குப் பறக்கும் வரம் தந்தோம்!” என்றார் மன்னர்.

“ஐயோ, எனக்குத் தலை சுத்தும் மன்னா. எனக்கு வேற ஒரு கவலை.”

“இன்னும் என்ன?”

“முகம் இவ்வளவு லட்சணமா அமைஞ்சிருக்கு. நாலு சனம் வந்து பார்க்கும். கண்ணு பட்டுடாதா? கன்னத்துல ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்கணும்.”

“பேஷ்! யார் உபயம்?”

“ஊர்ல இன்னும் பலகை இல்லாத ஆள் ஒருத்தர்தான் மன்னா.”

இப்போதும் அந்த ஊருக்குப் போனால் பார்க்கலாம். வெளிச்சக் கன்னத்தின் நடுவே, விளக்கில்லாமல், கன்னங்கரேலென்று ஒரு கல். பக்கத்தில் பலகை:

‘திருஷ்டிப் பொட்டு. உபயம்: தளபதி தணிகாசலம்.’