ஐந்தாவது காயில்

“நாலு காயில் போச்சு தாயி. இது அஞ்சாவது. இதுவும் வெந்துச்சுன்னா வண்டியைத் தலைமுழுகிருவேன்.”

ஜெசிந்தாவின் பட்டறை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மொக்கராசு இப்படித்தான் ஆரம்பித்தார்.

அவரும் மெக்கானிக்தான். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்கும் ஒரு பட்டறை உண்டு. முப்பது வருசம் ஸ்பேனர் பிடித்த கை. இன்னொரு பட்டறை வாசலில், அதுவும் மகள் வயசுப் பெண்ணிடம் போய் நிற்பதென்றால் சும்மாவா? ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும் என்று வந்துவிட்டார்.

ஜெசிந்தா, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலும், பேட்டரிக்குக் கரண்டு கொடுக்கிற டைனமோவும் கட்டுகிறவள். அவளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு: “அவகிட்ட வண்டியைக் கொண்டுபோனா, வண்டியை விட்டுட்டு நம்மளைத்தான் கழட்டுவா.”

அவள் ஈயத்தை உருக்கிக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எப்ப வேகுது?”

“மலையேறும்போது. நாலாவது, அஞ்சாவது வளைவுல. முதல்ல இருமும். அப்புறம் படபடன்னு ரெண்டு அடி அடிக்கும். அப்புறம் பொணம்.”

“கீழ ஓட்டிப் பாத்தீங்களா?”

“தேனிக்குப் போயி வந்தேன். பெரியகுளத்துக்குப் போயி வந்தேன். ஒரு குத்தம் குறை இல்லை. காயில் குளுகுளுன்னு கெடக்கு.”

“என்னென்ன மாத்துனீங்க?”

“என்ன மாத்தலைன்னு கேளு. கண்டென்சர், பாயிண்ட், பிளக், ஒயர் அம்புட்டும் புதுசு. டேங்குக்கு அடியில இருந்த காயிலைச் சீட்டுக்கு அடியில தள்ளி, காத்துப் படுற மாதிரி வச்சேன். போன தடவை...” கொஞ்சம் இழுத்தார். “ஈரத்துணி கூடச் சுத்துனேன்.”

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. அதிலேயே மொக்கராசுவுக்குப் பாதி மானம் திரும்பி வந்தது.

“மலையேறும்போது பின்னால யாரு?”

மொக்கராசு தரையைப் பார்த்தார்.

“என் வீட்டுக்காரி. பஞ்சவர்ணம்.”

கல்யாணமான புதிதில் இதே வண்டியில், மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போய்க் கடல் பார்த்துவிட்டு வந்தவர்கள் இருவரும். வண்டியும் லேசுப்பட்டதல்ல. அறுபத்தெட்டு மாடல். தொலைதூரம் போவதற்கென்றே செய்தது. அகலச் சீட்டு, பெரிய டேங்க்.

போன ரெண்டு வருசம் பஞ்சவர்ணம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுக்கையில் கிடந்தாள். இப்போதுதான் எழுந்து நடக்கிறாள். எழுந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று. “அந்தக் கடலை இன்னொருக்கா பாக்கணும்யா. இந்த வண்டியிலதான் போகணும்.”

நாலு தடவை கிளம்பினார்கள். நாலு தடவையும் பாதி மலையில் வண்டி நின்றது. ஏலக்காய் ஜீப்பில் அவளை ஏற்றிக் கீழே அனுப்பவேண்டி வந்தது.

“அதுகூடப் பரவாயில்லை தாயி. தெருவுல ஒருத்தி வாய் வச்சுட்டா. இந்தம்மா ஏறுனாத்தான் வண்டி நிக்குது, ராசி அப்படின்னு. அது அவ காதுல விழுந்துருச்சு.”

ஜெசிந்தா முதல்முறையாக நிமிர்ந்தாள்.

“அக்கா என்ன சொன்னாங்க?”

“நாளைக்கு ஒரு தடவை பாப்போம்னா. நாளைக்கும் நின்னா, இனி ஏற மாட்டேன், கேக்கவும் மாட்டேன்னுட்டா.”

அவள் கேட்காமல் போய்விடுவாள் என்பதுதான் அவரால் தாங்க முடியாதது. நோயில் படுத்தபோதுகூட அவள் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

ஜெசிந்தா ஈயக்கோலை வைத்துவிட்டுக் கைகழுவினாள். துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“விடுங்க.”

“எங்க?”

“மலைக்கு. அக்காவைக் கூட்டிட்டுப் போன மாதிரியே போங்க. ஒண்ணு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

“மீட்டர் எடுத்துக்கலையா தாயி?”

“கை இருக்கே.”

மொக்கராசுவுக்கு இது பிடிபடவில்லை. ஆனாலும் உதைத்தார். ஒரே உதை. வண்டி தும் தும் என்று பேச ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஜெசிந்தா, “அடேயப்பா, என்னமா வச்சிருக்கீங்க!” என்றாள். மனுசனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அடிவாரத்தில் வழிவிட்ட கருப்பு கோயில். மலையேறுகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாது. நிற்பதற்கு ஒரு முறை உண்டு. சாவியை மட்டும் அணைக்கக் கூடாது. சாமி முன்னால் சாவியைத் திருப்பினால் பயணம் அங்கேயே முடிந்ததாக அர்த்தம், வழி அடைபட்டுவிடும் என்பது டிரைவர்கள் பேச்சு. லாரிக்காரர்கள் இன்ஜினை ஓடவிட்டே கும்பிடுவார்கள்.

மொக்கராசு அதிலும் ஒரு மரியாதை வைத்திருந்தார். சாமி முன்னால் சத்தம் ஆகாது என்று, இன்ஜின் அழுத்தத்தைத் திறந்துவிடுகிற டிகம்ப்ரஸர் லீவரை இழுத்துவிடுவார். இன்ஜின் புஸ்ஸென்று அடங்கிவிடும். சாவி அப்படியே இருக்கும். அவர் அப்பா காட்டிய வழி அது.

அன்றைக்கும் அப்படியே செய்தார்.

“ஒரு நிமிசம்” என்றாள் ஜெசிந்தா. அவர் கையைப் பிடித்துச் சீட்டுக்கு அடியில் இருந்த காயில்மேல் வைத்தாள்.

“எப்படி இருக்கு?”

“வெதுவெதுன்னு இருக்கு. அதான் சொன்னேனே தாயி, இங்க ஒண்ணும் இல்லை. கோளாறு மேல, அஞ்சாவது வளைவுல.”

“சரி. போயிக் கும்பிட்டு வாங்க.”

மொக்கராசு போனார். சூடம் ஏற்றினார். எலுமிச்சம்பழம் நறுக்கினார். கண்ணை மூடி நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. நாளைக்கு நாள் குறித்திருக்கிறதே, இன்றைக்குக் கூடுதலாகவே கேட்டார்.

அவர் திரும்பி வரும்போது அரைமணிக்கு மேல் ஆகியிருந்தது. ஜெசிந்தா வண்டியில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மறுபடியும் அவர் கையைப் பிடித்துக் காயில்மேல் வைத்தாள்.

“ஸ்ஸ்... ஆத்தாடி!”

கையை உதறிக்கொண்டு அவர் துள்ளினார். தோசைக்கல்லைத் தொட்டாற்போல் இருந்தது.

“மலை ஏறிட்டோமாண்ணே?”

“இல்லையே...”

“இன்ஜின் ஓடுதா?”

“இல்லை.”

ஜெசிந்தா ஹெட்லைட்டுக்கு மேலே இருந்த ஆம்பியர் மீட்டரை விரலால் தட்டிக் காட்டினாள். முள் இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. இன்ஜின் நின்றுவிட்டது, கரண்டைத் திறந்து மூடுகிற பாயிண்ட் மூடிக் கிடக்கிறது, சாவியோ திறந்தே இருக்கிறது. அரைமணி நேரமாகப் பேட்டரி கரண்டு அத்தனையும் காயில் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சூட்டோடு மலையேறினால் அஞ்சாவது வளைவு வரைதான் தாங்கும்.

மொக்கராசு வாயைப் பிளந்தார். முப்பது வருசத் தொழில்காரர். சின்னப்பயல்கூடக் கண்டுபிடித்திருப்பான் என்று தன்னையே நொந்துகொண்டார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார். ஒரு திருகாணியைக்கூட இவள் தொடவில்லையே!

ஆனால் உடனே அவர் முகம் சுருங்கியது.

“தாயி, சாமி முன்னால சாவியை அணைக்கச் சொல்லாத. அது மட்டும் என்னால ஆகாது.”

“நான் அணைக்கச் சொன்னேனா?”

“பின்ன?”

“இத்தனை வருசமா இப்படித்தான நிறுத்துறீங்க? அப்பல்லாம் வேகலையே.”

மொக்கராசு யோசித்தார். வேகவில்லைதான்.

“அப்பல்லாம் ஒரு கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிருவேன் தாயி. இவ படுத்த பின்னாடிதான் இம்புட்டு நேரம். பஸ்ல வந்தாவது நிப்பேன்.”

“அம்புட்டு நேரம் என்ன கேப்பீங்க?”

“வேற என்னத்தக் கேப்பேன்? அவ எந்திரிக்கணும். பழையபடி என் பின்னால ஏறி உக்காரணும். அதேதான். திரும்பத் திரும்ப அதேதான்.”

“போன நாலு தடவையும் அதேதான் கேட்டீங்களா?”

“அதேதான்.”

“நீங்க கேட்டுக்கிட்டு நின்ன அந்த அரைமணி நேரமும் அக்கா எங்க இருந்தாங்க?”

“இங்கதான், வண்டியில. இந்தா, நீ உக்காந்திருக்கிற...”

மொக்கராசு அந்தப் பின் சீட்டை உற்றுப் பார்த்தார்.

ஜெசிந்தா இறங்கி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, கீழே போகிற பஸ்ஸுக்குக் கை காட்டினாள். அவள் ஏறியதும் மொக்கராசு கையெடுத்துக் கும்பிட்டது சாமியையா அவளையா என்று பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் நல்ல சேலை கட்டி, பயந்து பயந்து பின்னால் ஏறினாள். அடிவாரத்தில் மொக்கராசு லீவரை இழுத்தார். இறங்கினார். ஒரே ஒரு கும்பிடு. திரும்பி வந்து உதைத்தார்.

“அம்புட்டுத்தானா?” என்றாள் அவள்.

“அம்புட்டுத்தான்.”

வண்டி ஏறியது. நாலாவது வளைவில் அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அஞ்சாவதில் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு போனது. ஏழும் போனது. எட்டாவதில் கண்ணைத் திறந்து, காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“ஏய்யா, அப்ப அது நான் இல்லையா?”

“நாந்தான்” என்றார் மொக்கராசு.