முகம் திருப்பிய காந்தள்

அந்தக் காலத்தில் பூவுக்கும் வாய் இருந்தது. வண்டு பேசினால் பூவுக்குப் புரியும், பூ பேசினால் களை வெட்டுகிறவளுக்குப் புரியும். மழைகூட, "வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கும். அப்போது நடந்தது இது.

மேற்கே மலை நீலமாகத் தெரிகிற ஒரு வறண்ட காடு. செம்மண்ணும் சுக்காங்கல்லுமான பூமி. அதில் பாவாயி என்று ஒருத்தி தனியாகப் பாடுபட்டாள். கிளுவை வேலிக்குள்ளே அவள் வளர்த்தது ஒரே வகைக் கொடி, காந்தள். அந்தக் கொடி நம் பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. கடலுக்கு அக்கரையில் ஆப்பிரிக்கா என்று சொல்கிறோமே, அந்தப் பெருங்காடுகளிலும் அது பூக்கிறது. அங்கேயும் மருந்துதான், இங்கேயும் மருந்துதான். உனக்கு எது ஊர் என்று யாராவது கேட்டால், "வேர் இறங்கின இடமெல்லாம் ஊர்தான்" என்று அந்தக் காலத்துக் கொடி சொல்லும்.

ஆடி மாதம் பாவாயி கிழங்கு நடுவாள். கலப்பைபோல வளைந்த கிழங்கு. அதன் நுனியில்தான் முளைக்கண் இருக்கும். அது ஒடிந்தால் ஒரு வருசம் வீண். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறக்குவாள். தண்ணீர் பாய்ச்சுவாள், ஆனால் தேங்க விடமாட்டாள். முளைத்து ஒரு முழம் வந்ததும் பக்கத்தில் குச்சி ஊன்றுவாள். கொடி தன் இலை நுனியைச் சுருட்டி அந்தக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு மெல்ல ஏறும். அவளுக்கு அவசரமில்லை, கொடிக்கும் அவசரமில்லை. புரட்டாசியில் மொட்டு வந்துவிடும்.

அப்போதெல்லாம் காந்தள் பூ இப்போதுபோலத் தொங்காது. கிண்ணம்போல வானத்தைப் பார்த்து நிற்கும். ஆறு இதழும் சுவர்மாதிரி. சுவருக்குள்ளே ஆறு அண்ணன்மார், ஒவ்வொருவன் தலையிலும் ஒரு மஞ்சள் பொடி மூட்டை. நட்டநடுவில் ஒரே தங்கை. பெயர் பச்சைநாச்சி. பச்சைத் தண்டாக நேராக நிற்பாள். தேன் வாசத்தில் அவளுக்கு எப்போதும் பாதித் தூக்கம்தான். பனி இறங்குவதும் வெயில் ஏறுவதும் அவளுக்குக் கனவில் நடப்பதுபோல இருக்கும்.

பூக்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே பூவில் பிறந்தவர்கள் உடன்பிறப்புகள். அவர்கள் மூட்டைப் பொடி அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது. வேறொரு கொடியில் பூத்த பூவிலிருந்து மஞ்சள் வந்து அவள் தலையில் படவேண்டும். பட்டால் அவள் வயிறு காயாகும், காய்க்குள் விதை நிறையும். படாமல் போனால் நாலைந்து நாளில் பூ கருகி, அவள் வம்சம் அத்தோடு போச்சு. மஞ்சளைக் கொண்டுவருகிற தரகர் கருவண்டு. அண்ணன்மார் விலகி வழிவிட்டால்தான் தரகர் உள்ளே வர முடியும்.

பூ விரிந்த முதல் நாள் காலையில் கருவண்டு வந்தார். காலெல்லாம் மஞ்சள்.

"ஏனுங்க பெரியவரே, கிழக்கு வேலியில் நல்ல இடம். கையோடு மஞ்சள் கொண்டுவந்திருக்கிறேன்."

பெரியண்ணன் மீசையில்லாத இடத்தில் தடவிக்கொண்டான். "கிழக்கு வேலியா? அங்கே ஓணான் குடியிருக்குதுங்க. எங்கள் பெண் பயந்துக்குவாள்."

மறுநாள் தெற்கு மூலையிலிருந்து கொண்டுவந்தார்.

"தெற்கத்தி வெயிலுக்கு அந்த வீட்டுச் சுவரெல்லாம் சுருங்கிக் கிடக்குதாமே?"

"யாருங்க சொன்னது?"

"சொன்னாங்க."

மூன்றாம் நாள் வண்டுக்கே கோபம் வந்துவிட்டது. "பாறை ஓரத்துப் பூவுங்க இது. இதுக்கு ஒரு குறை சொல்லுங்க பார்க்கலாம்!"

"குறை அந்த இடத்தில் இல்லைங்க. நீங்கள் முழக்குகிற முழக்கம்தான் எங்களுக்குப் பிடிக்கலை."

"நான் முழக்காமல் பின்னே கிளியா கூப்பிடும்?" என்று வண்டு திரும்பிப் போனது. போகிற வழியில் அந்த மஞ்சள் முழுவதும் மண்ணில் கொட்டிப்போயிற்று.

ஓணானும் சுவரும் முழக்கமும் சாக்குதான். உண்மைக் காரணம் அண்ணன்மார் ஆறு பேருக்கும் தெரியும். தங்கை தலையில் மஞ்சள் பட்டுவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. மூட்டை காயும், இடுப்பு ஒடியும், ஒவ்வொருவராக உதிரவேண்டியதுதான். "இன்னும் ரெண்டு நாள் இருந்துக்கலாமே" என்றான் பெரியவன். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ரெண்டு நாள் வெயிலுக்காக ஒருத்தியின் வாழ்வை அடைத்துவைத்தார்கள். இப்படிச் செய்கிறவர்கள் எல்லோரும் ரெண்டு நாள் என்றுதான் சொல்வார்கள்.

வண்டு வரும்போதெல்லாம் ஆறு பேரும் தோளோடு தோள் நெருங்கி வேலிபோல நின்றுகொள்வார்கள். பச்சைநாச்சி தூக்கத்திலிருந்து கேட்பாள்.

"அண்ணா, யாரோ வந்த சத்தம் கேட்டதே?"

"காத்து, அம்மிணி."

"நம் வீட்டுக்கு இன்னும் ஒருத்தரும் கேட்டு வரலையா?"

"வந்தால் சொல்ல மாட்டோமா? நீ தூங்கு."

அவளும் நம்பித் தூங்கினாள். கனவில் யாரோ மஞ்சள் கையோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தார்கள்.

நாலாம் நாள் விடியும்போது பாவாயி களைக்கொத்தோடு வந்தாள். காடெல்லாம் பனி மூடி, கொடிகள் வெள்ளைத் தண்ணீரில் மிதப்பதுபோல இருந்தன. பூவுக்குள் எட்டிப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"என்ன கண்ணு, இன்னும் உன் தலை வெறுமனே இருக்குது?"

"யாரும் வரலை, அக்கா."

"வரலையா? நம்ம கருவண்டு மூணு நாளும் வந்துட்டுப் போனதை நான் பார்த்தேனே. நேத்துத் திட்டிக்கொண்டே போச்சு. உங்க அண்ணன்மார் சொல்லலை?"

பச்சைநாச்சியின் தூக்கம் அந்த நொடியில் போயிற்று. அதற்குப் பிறகு அவள் தூங்கவே இல்லை என்று சொல்வார்கள். அவள் பெரியவனிடம் கேட்கவில்லை. ஆறாவது அண்ணனைப் பார்த்தாள். அவன்தான் அவளுக்குப் பிரியமானவன்.

"நீ சொல். காத்தா வந்தது?"

அவன் மூட்டையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான். "பெரியண்ணன் சொல்ல வேண்டாமுன்னு..." என்றான்.

அவள் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. இருந்த இடத்திலேயே கழுத்தை ஒரு பக்கமாக வளைத்தாள். பச்சைக் குச்சி மடங்குவதுபோல மெல்லிய சத்தம் கேட்டது. நேராக நின்றவள் குறுக்காகச் சாய்ந்து, அண்ணன்மார் யாரும் கண்ணில் படாதபடி வெளிப்பக்கம் பார்த்து நின்றாள்.

அவள் திரும்பியதும் வீடே கவிழ்ந்தது. பூவைத் தாங்கிய காம்பு வெட்கத்தில் தலை குனிய, வானத்தைப் பார்த்திருந்த கிண்ணம் மண்ணைப் பார்த்தது. சுவராக நின்ற இதழ்கள் பின்பக்கமாக மடங்கி நெருப்புபோல மேலே எழுந்தன. மஞ்சளாக இருந்தவற்றில் சிவப்பு ஏறியது. தோளோடு தோள் நின்ற அண்ணன்மார் ஆளுக்கொரு திசையாகச் சிதறினார்கள். செய்த காரியத்தோடு ஒருவன் முகத்தை ஒருவன் எப்படிப் பார்ப்பான்?

வெயில் ஏறியது. கருவண்டு அந்த வழியாகப் போனார். அண்ணன்மாரே கூவி அழைத்தார்கள்.

"வாங்க, வாங்க! உள்ளே வாங்க!"

"இன்னைக்கு என் முழக்கம் இனிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வண்டு வந்தது. தேனைக் குடித்தது. ஆனால் பச்சைநாச்சி அதன் வழியிலேயே இல்லை. அவள் எட்டத்தில் விலகி நின்றாள். வண்டு அவள் தலையைத் தொடாமலே போய்விட்டது. அடுத்து வந்த வண்டும் அப்படியே போயிற்று.

பெரியவன் கெஞ்சினான். "அம்மிணி, நாளைக்கு மத்தியானத்துக்குள் இதழ் கருகிவிடும்."

"தெரியும்."

"உனக்கு ஒரு காய் வேண்டாமா? ஒரு விதை வேண்டாமா?"

"வேண்டும். உங்கள் வழியாக வேண்டாம்."

"தப்புத்தான். மறந்துவிடேன்."

மறந்துவிடலாம் என்று சொல்ல உரிமை உள்ளவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள். அவள் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் கருக்கலிலேயே பாவாயி வந்தாள். கவிழ்ந்த பூவையும் வளைந்த கழுத்தையும் பார்த்துக் களைக்கொத்தைக் கீழே போட்டாள்.

"என் வாய்தான் கண்ணு கெடுத்தது."

"உங்கள் வாய்தான் அக்கா எனக்கு உண்மை சொன்னது."

"இப்படியே பிடிவாதமாக இருந்து வதங்கப்போறியா?"

பச்சைநாச்சி வளைந்த கழுத்தை அசைக்காமலே, "எனக்கு விதை வேண்டும், அக்கா. அதை நினைத்தால் அடிவயிறு வலிக்கிறது. ஆனால் இவர்கள் வாசல் வழியாக வருகிற எதுவும் என்மேல் படக்கூடாது" என்றாள்.

பாவாயி யோசித்தாள். "நான் கொண்டுவந்தால்?"

"நீங்கள் எந்த முறையில் வருவீர்கள்?"

"கிழங்கு நட்டவளுக்கு என்னடி முறை வேணும்? குழி தோண்டினது நான், குச்சி ஊன்றினது நான். உன் அண்ணன்மார் பிறக்கும் முன்னாடியே உன்னைத் தெரியும் எனக்கு."

பச்சைநாச்சி முதல்முறையாகச் சிரித்தாள்.

பாவாயி பனியில் இறங்கி நடந்தாள். பாறை ஓரத்துக் கொடிக்குப் போனாள். சேலை முந்தானை நுனியைத் திரித்து அங்கே பூத்திருந்த பூவின் மஞ்சளை ஒற்றி எடுத்தாள். காற்று படாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். அண்ணன்மார் நின்ற வாசல் பக்கம் அவள் போகவில்லை. வேலிப்பக்கமாகச் சுற்றிவந்து, வெளியே நீட்டியிருந்த பச்சைநாச்சியின் தலையில் தொட்டு வைத்தாள். அவ்வளவுதான். மலைமேல் வெயில் விழுந்தது.

"அக்கா, ஒன்று கேட்கிறேன். என் மகள்களும் இப்படியே முகம் திருப்பித்தான் பிறப்பார்கள். அவர்களுக்கும் வருவீர்களா?"

"ஏன்டி, அத்தனை பேருக்கும் நானா வந்து தொட்டு வைக்கிறது? என் இடுப்பு என்ன ஆகும்?"

"வருவீர்கள்" என்றாள் அவள்.

அண்ணன்மார் அன்று மத்தியானமே காய்ந்தார்கள். ஆறாவது அண்ணன் கடைசியாக, "ஒரு தடவை இந்தப் பக்கம் பாரேன்" என்று கேட்டான். அவள் பார்க்கவில்லை. அவன் அப்படியே உதிர்ந்தான். அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் வருத்தம் வேறு, திரும்புவது வேறு.

காய் பச்சையாகத் திரண்டு, தை மாதம் வெடித்தது. உள்ளே சிவப்பு விதைகள். அவள் வெளியே காட்டாத கோபம் விதையிலும் இறங்கியது, தண்டு வழியாகக் கிழங்கிலும் இறங்கியது. அதனால் இரண்டும் நஞ்சு. தெரியாமல் தின்றவன் பிழைப்பது கடினம். அளவு தெரிந்த மருந்துக்காரர் கைக்குப் போனால் மட்டும் அதே நஞ்சு முடங்கின கைகால் மூட்டுகளை நீட்டிவிடும்.

பாவாயி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. பூக்கள் பேசுவதும் நின்றுபோயிற்று. அன்று முதல்தான் காந்தள் பூ தலைகீழாகத் தொங்குகிறது, அதன் நடுத்தண்டு ஆறு பேரையும் பார்க்காமல் ஒரு பக்கமாக வளைந்து நிற்கிறது, காந்தள் வைத்திருக்கிறவர்கள் வெயில் ஏறுமுன் காட்டுக்குப் போய் ஒரு பூவின் மஞ்சளை எடுத்து இன்னொரு பூவின் தலையில் தங்கள் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள்.