கழுத்தடிக் காவக்காரன் வீங்கின கதை

கையை எடு மருமகளே. கழுத்துக் கட்டியை அமுக்கி அமுக்கிப் பாத்தா ஓடிப் போயிருமா? டாக்டர் அறுத்துருவாருன்னு யாரு சொன்னா, எதுத்த வீட்டு ராக்காயியா? சரி, அவ தடவின சுண்ணாம்பு தலகாணியில ஒட்டாம ஒருக்களிச்சுப் படு. காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துக்கும் போகல, இந்த மத்தியானத்துல தூங்குறதை விட்டா உனக்கு வேற என்ன சோலி? அத்தை கதை சொல்றேன். நெஞ்சு ஆஸ்பத்திரியில முப்பது வருசம் ஆயா வேலை பாத்தவ, எனக்குத் தெரிஞ்ச கதை இதுதான். நீ "ம்" கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தான். ஊர் பேரு உடம்பூர். ராசாவுக்கு இருப்பு உச்சியில, மண்டைக்குள்ள. அந்த ஊர்ல ரெண்டு வாய்க்கா. ஒண்ணு செவப்பு வாய்க்கா. அதுக்கு நெஞ்சுல ஒரு மோட்டார், லப்டப் லப்டப்னு ஓயாம ஓடும். ராசா அதுக்கு வருசா வருசம் மாலை போடுவான். இன்னொண்ணு வடிகால். செவப்பு வாய்க்கால்ல கசியிற தண்ணியையும், வழியில கெடக்கிற குப்பையையும் அள்ளிக்கிட்டு, வடிகட்டின தண்ணியைத் திரும்ப அங்கயே கொண்டு போய்ச் சேக்கும். அதுக்கு மோட்டார் கிடையாது. கேட்டா, "மனு பரிசீலனையில இருக்கு"ன்னாங்க.

"ம்."

அப்போ எப்படி நகரும்? கைகாலை அசைச்சா கொஞ்சம் நகரும். நெஞ்சுக்குள்ள ரெண்டு துருத்தி இருக்குல்ல, காத்தை இழுத்து விடுறது, அது புஸ்ஸு புஸ்ஸுன்னு விரிஞ்சு சுருங்கறப்ப இன்னும் கொஞ்சம் நகரும். வடிகால் ஓரமா அங்கங்க பட்டாணி அளவுல காவச்சாவடி. கழுத்தடிச் சாவடியில இருந்தவன் பேரு சுடலைமுத்து. அப்படி ஒருத்தன் இருக்கான்னே ராசாவுக்குத் தெரியாது.

"ம்."

அப்புறம் ஒரு நாள், காத்தோட காத்தா ஒரு திருட்டுக் கூட்டம் மூக்குவாசல்ல நுழைஞ்சுது. முதல் காவல் மூக்குமுடி. "ஹச்"சுன்னு ஒரு தும்மல், பாதிப் பேரு வெளிய தெறிச்சாங்க. ரெண்டாவது காவல் மூச்சுக்குழாயில பெருக்குறவங்க. வழவழன்னு சளியைப் பூசி, சரக்கு சரக்குன்னு மேல்பக்கமா கூட்டித் தள்ளுவாங்க. லொக்கு லொக்குன்னு மிச்சப் பேரும் போனாங்க. ஒரே ஒருத்தன் மட்டும், கூட்டித் தள்ளின வேகத்துல தொண்டைக்கு வந்து, சுவத்தைக் கீறி உள்ள பூந்துட்டான். ரொம்பச் சுத்தமாப் பெருக்கினா இப்படியும் நடக்கும்.

மூணாவதா, வடிகால் அவனைச் சுருட்டிக் கொண்டாந்து சுடலைமுத்து முன்னால போட்டுச்சு. அவன் லேசுப்பட்டவனா? ஒண்ணு ரெண்டாவான், ரெண்டு நாலாவான். சுடலைமுத்துவும் ஆளு சேத்தான். பட்டாணிச் சாவடிக்குள்ள ஆயிரம் காவக்காரன் நின்னா என்ன ஆகும்? சாவடி வீங்கிருச்சு.

ஊர் என்ன சொல்லுச்சு தெரியுமா? "பாத்தியா, உக்காந்து தின்னே கொழுத்துட்டான்." திருடன் வந்ததை ஒருத்தரும் பாக்கல. வீங்கினவனைத்தான் பாத்தாங்க.

ராசா மூணு உத்தரவு போட்டான். மொதல்ல, சுண்ணாம்பு பூசு. "சாமி, என்னைய வேலை செய்ய விடுங்க"ன்னான் சுடலைமுத்து. காதுல விழல. அப்புறம், எண்ணெய் விட்டு உருவு. "வலிக்குது சாமி." அதுவும் விழல. மூணாவதா, "விடிஞ்சதும் சாவடியை அறுத்து எறி."

"அறுத்துட்டாங்களா அத்தே?"

பொறு. உத்தரவு போட்ட அலுப்புல ராசாவுக்குக் கொட்டாவி வந்துச்சு, படுத்துட்டான். ராசா தூங்கினாத்தான் அந்த ஊருக்கு நல்ல காலம். தொந்தரவு பண்ண ஆளில்ல. துருத்தி நிதானமா புஸ்ஸு... புஸ்ஸு... வடிகால் மெள்ள மெள்ள நகந்து, ஒளிஞ்சு கெடந்த திருடனுகளையும் சுடலைமுத்துகிட்ட இழுத்து வந்துச்சு. ராசா மூணு நாள் காய்ச்சல்ல எந்திரிக்கவே இல்ல, அறுக்கிற உத்தரவும் அப்படியே கெடந்துச்சு. மூணு நாளும் சண்டை. அப்புறம் திருடன் ஒருத்தனும் இல்ல. சுடலைமுத்து சேத்த ஆளுங்க கலைஞ்சு போனாங்க, சாவடி பழையபடி பட்டாணி.

ராசா எந்திரிச்சுத் தடவிப் பாத்தான். வீக்கத்தைக் காணோம். "ஆகா, சுண்ணாம்பு பூசினவளுக்கு என்ன கைராசி"ன்னு அவளுக்கு ஊர்வலம். மோட்டாருக்கு இன்னொரு மாலை.

"சுடலைமுத்துக்கு?"

ஒண்ணுமில்ல.

"அவனுக்குக் கோவம் வரலையா?"

வராம இருக்குமா? நான் முப்பது வருசம் சளிக்கோப்பை கழுவினேன். சொகமாகிப் போறவங்க டாக்டரைக் கும்பிடுவாங்க, என்னைத் தாண்டித்தான் போவாங்க. எனக்கு அழுகையே வரும். மறுநாள் போய்த் திரும்பக் கழுவுவேன். அவனும் அப்படித்தான். அந்தத் திருடன் மூஞ்சியை மட்டும் மறக்காம வச்சுக்கிட்டான், இன்னொரு தடவை வந்தா சீக்கிரமா மடக்கிரலாம்னு.

"அத்தே, அந்த ராசா நானா?"

மண்டைக்குள்ள இருந்து அமுக்கு, உருவுன்னு உத்தரவு போடுறது வேற யாரு? பத்து நாள்ல வத்தலேன்னா டாக்டர்கிட்ட போவோம். பாக்கத்தான், அறுக்க இல்ல.

"அவனுக்கு நான் மாலை போடட்டா?"

போட்டா அவன் கழுத்து நோகும். கையை எடுத்துட்டு, மூச்சை நல்லா இழுத்து விட்டுத் தூங்கு. அவனுக்கு வேலை கெடக்கு. நாளைக்கு ராக்காயி வந்து "என் சுண்ணாம்புதான் கேட்டுச்சு"ன்னு சொன்னா, ஆமான்னு சொல்லிரு.

"ம்..."

கதை சாவடி சேந்துச்சு, இமையும் சேரட்டும்.