ஒன்பது தரம் கழுவிய டம்ளர்

ஒரே டம்ளரை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவலாம், சொல்லுங்கள் பார்ப்போம்?

கனகு ஒன்பது தரம் கழுவினாள்.

இனி வைத்தியம் பலிக்காது என்று ஆனவர்களைக் கடைசிவரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் விடுதி அது. மூன்றாம் அறையில் அவள் புருஷன் மாசிலாமணி படுத்திருந்தார். அறை வாசலை ஒட்டிக் குழாயடி.

தவசிமுத்து அங்கே பணிவிடை கற்றுக்கொள்ள வந்து ஒரு மாதம். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கற்றுக்கொடுக்கிற நர்ஸ் ஜெயசீலிக்கு அவருடைய மகள் வயசுதான்.

"சிஸ்டர், என்னால முடியல."

"என்னண்ணே, வண்டி பிரேக்டவுனா?"

"விளையாடாதீங்க. 'இன்னும் நாலஞ்சு நாள்தான்னு அவருக்குத் தெரிய வேண்டாம்'னு அந்தம்மா காலையில என் கையைப் பிடிச்சுக்கிச்சு. மத்தியானம் அவரு கூப்பிட்டு, 'எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிராதீங்க, தாங்க மாட்டா'ங்கறாரு. உள்ள போய்ப் பார்த்தா, ரெண்டு பேரும் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க!"

"பேசட்டுமே."

"பேசி முடிச்சதும் அவரு சுவத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிறாரு. அந்தம்மா டம்ளரத் தூக்கிட்டுக் குழாயடிக்கு ஓடுது. இருக்கிற நாளும் இப்படியே போயிருமே. யார்கிட்ட முதல்ல சொல்லட்டும்?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது. ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்திருக்கீங்க."

"அப்போ?"

ஜெயசீலி குழாயடியைக் கை காட்டினாள்.

கனகு டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாய் முழுசாகத் திறந்திருந்தது. தகர வாளியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. அவள் தோள் குலுங்கியது தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ஜெயசீலி சுவருக்குப் பின்னால் போனாள். தொட்டிக்குக் கீழே இருந்த வால்வை மூடிவிட்டு வந்தாள்.

தண்ணீர் நூலாக இளைத்தது. நின்றது.

கனகு வாயைப் பொத்துவதற்குள் அழுகை வெளியே வந்துவிட்டது.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

தவசிமுத்து உள்ளே ஓடப் பார்த்தார். ஜெயசீலி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.



அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கனகு, டம்ளரு கழுவுனது போதும் புள்ள. இங்க வந்து எம்பக்கத்துல உக்காந்து அழு."