காவலனின் இலை

“எங்க பெரியப்பா ஒண்ணு சொல்வார், வாத்தியாரே. தப்புன்னு தெரிஞ்சவன் அழுதுட்டுப் போவான், தப்பில்லைன்னு தெரிஞ்சவன் தூங்கப் போவான், ரெண்டும் தெரியாதவன்... அதுக்கு மேல ஞாபகம் வரல,” என்றான் கன்னியப்பன்.

“வராததே நல்லதுண்ணே,” என்றார் வாத்தியார்.

கூத்துக் குழுவின் வாத்தியார் அவர். கன்னியப்பனைவிட வயதில் சின்னவர். ஐம்பதை நெருங்கும்போது கூத்துக் கற்க வந்த மாணவனை அவர் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணனுக்கு அவர் கொடுத்தது கோட்டைக் காவலன் வேஷம்.

படையெடுப்புக்கு அஞ்சிக் கோட்டைக் கதவை அடைத்துவிடுகிறார்கள். வெளியே மாட்டிக்கொண்ட பிள்ளைகள் தாகத்தில் வந்து தட்டுகிறார்கள். திறக்காதே என்பது ராஜாவின் கட்டளை. காவலன் திறக்கிறான். பிள்ளைகளுக்குப் பின்னாலேயே படையும் நுழைகிறது. ஊரே அழிகிறது.

கடைசியில் காவலன் மட்டும் பிழைத்து, பிணங்களுக்கு நடுவே நின்று கேட்பான்: “சொல்லுங்கள், நான் செய்தது குற்றமா?”

அந்த வேஷக்காரனுக்கு ஆட்டத்தன்று சாப்பாட்டு இலை தனி. விடிந்ததிலிருந்து அவனோடு யாரும் பேசமாட்டார்கள், வாத்தியாரைத் தவிர. குழுவின் வழக்கம் அது. யார் தொடங்கியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

“தப்பா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லுங்க,” என்றான் கன்னியப்பன். “தப்புன்னா கெட்டவனா ஆடறேன். இல்லைன்னா நல்லவனா ஆடறேன். தெரியாம அங்க நிக்க முடியல. சொல்லலைன்னா இன்னைக்கு வேஷத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

“என்னைப் போய்க் கேட்கறீங்களே. அந்த இடத்துல நான் செத்துக் கிடக்கற ராஜா.”

“விளையாடாதீங்க வாத்தியாரே.”

வாத்தியார் எழுந்தார். கூத்துத் திரையை எடுத்துவந்தார். ஆட்டத்தில் அந்தத் துணிதான் கோட்டைக் கதவு. ஒரு முனையைப் பூவரச மரத்தில் கட்டி, மறுமுனையைக் கன்னியப்பன் கையில் கொடுத்தார்.

பிறகு அந்தப் பக்கம் போய் வெயிலில் நின்றுகொண்டார். காய்ச்சலில் கிடந்து நேற்றுத்தான் எழுந்திருந்தார்.

“இன்னைக்குத் திறக்காதீங்க. பின்னால படை நிக்குதுன்னுதான் உங்களுக்குத் தெரியுமே.”

“அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

திரைக்கு அப்பாலிருந்து பிள்ளைக் குரல் வந்தது.

“அண்ணே, தண்ணி.”

கன்னியப்பன் சிரித்தான். “மீசை வெச்ச புள்ளைக்கெல்லாம் இங்க தண்ணி கிடையாது. போ, போ.”

“அண்ணே, தண்ணி.”

எதிரே மண்டபத்தில் குழுவினருக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். யாரோ எதற்கோ சிரித்தார்கள். இந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

திரைக்குக் கீழே வாத்தியாரின் பாதங்கள் தெரிந்தன. சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றார்.

“அண்ணே, தண்ணி.”

“போதும் வாத்தியாரே. நிழலுக்கு வாங்க.”

“அண்ணே.”

இந்த முறை அது பிள்ளைக் குரலாக இல்லை.

இருமல் கேட்டது. கன்னியப்பன் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பாதங்கள் அசைவதை நிறுத்தின.

“வாத்தியாரே?”

பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது.

துணியை விட்டுவிட்டான்.

வாத்தியார் மண்ணில் உட்கார்ந்திருந்தார். உதடு உலர்ந்து வெளுத்திருந்தது. மெல்ல எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கீழே கிடந்த திரையைத் தாண்டி உள்ளே வந்தார்.

“படை உள்ள வந்துடுச்சுண்ணே,” என்றார்.

கன்னியப்பன் செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினான். வாத்தியார் செம்பைக் கீழே வைக்காமல் முழுவதும் குடித்தார்.

“நிஜமாவே விழுந்தீங்களா?”

வாத்தியார் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, நான் திறக்காமலே இருந்திருந்தா?”

“அப்பவும் உங்க இலை தனிதாண்ணே.”

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அன்று இரவும் காவலன் வேஷத்தைக் கன்னியப்பனே கட்டினான். கடைசியில் பிணங்களுக்கு நடுவே போய் நின்றான். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.