பன்னிரண்டு பேர் நிற்கும் படம்

டிஜிட்டல் ஓவியம் சொல்லித்தரும் திலோத்தமையிடம் படிக்க வருகிறவர்களில் வயதில் மூத்தவர் அருளப்பன். வங்கி வேலையை உதறிவிட்டு வந்தவர். குருவைவிடச் சீடருக்குத்தான் தலை அதிகம் நரைத்திருக்கும். ஆனாலும் வாய் நிறைய 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு அந்த மரியாதை கொஞ்சம் குறைவுதான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வகுப்புக்குள் வந்து நின்றார்.

"இதுக்குத்தானா டீச்சர் நான் ராப்பகலா கண்ணு வலிக்க வரைஞ்சேன்?"

நகரத்தில் பன்முகப் பண்பாட்டு விழா ஒன்று நடக்கப்போகிறது. கடற்கரையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். மீனவர், படகர், நரிக்குறவர், ராவுத்தர், சௌராஷ்டிரர் என்று பன்னிரண்டு சமூகத்துப் பெண்கள் கைகோத்து நிற்கும் அருளப்பனின் படம் அதில் ஓடப்போகிறது. ஊர் பார்க்கப்போகும் அவருடைய முதல் படம். சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் ஃபோன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

காலையில் திரையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் வினை வந்தது. விழாவில் பேச அழைக்கப்பட்டிருந்த கன்னியம்மா என்ற இருளர் பெண் அண்ணாந்து பார்த்தார். இலையைக் கட்டிக்கொண்டு, தலையில் இறகு செருகி நின்ற உருவத்தைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார்.

"நீங்கதாம்மா," என்றார் அருளப்பன், பெருமையாக. இருளர் குடியிருப்புப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

"நானா? எங்க ஜனத்துல யாருய்யா இறகு வச்சுக்கிட்டு திரியறா? என்னத்தப் பாத்து வரைஞ்சீங்க? இது திரையில வந்தா நான் மேடை ஏற மாட்டேன்."

விழாக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். படமா, கன்னியம்மாவா என்று முடிவு சொல்லும்படி, விழாவுக்கு அருளப்பனைச் சிபாரிசு செய்த திலோத்தமையையே கேட்டுக்கொண்டார்கள்.

"இத்தனை ஜனத்தையும் ஒரே திரையில கொண்டாந்து நிறுத்தினது யாரு? நான்!" என்று குதித்தார் அருளப்பன். "கலையாலதான் எல்லாப் பண்பாடும் வாழும்னு நீங்கதானே சொன்னீங்க? நல்லது பண்ணப் போனா மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசறாங்க. அந்தம்மா வேணாம்னு சொல்லிடுங்க டீச்சர். வேற யாராவது பேசட்டும்."

திலோத்தமை டேப்லெட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"உடுப்பு வரைஞ்ச லேயரை எல்லாம் மறைங்க சார்."

"எதுக்கு?"

"மறைங்க."

அருளப்பன் முணுமுணுத்துக்கொண்டே விரலால் தட்டினார். இறகு போனது. முக்காடு போனது. மீன்கூடை, பாசிமணி எல்லாம் போயின. வெறும் கோட்டு உருவங்களின் மேல் பன்னிரண்டு முகங்கள் மிஞ்சின. ஒரே மூக்கு, ஒரே எலுமிச்சை நிறம், ஒரே சிரிப்பு.

"யாரோட முகம் இது?"

"எம் பொண்ணோடது." குரல் இறங்கியது. உடனே ஏறிவிட்டது. "ஒண்ணு வரைஞ்சு காப்பி பண்ணிக்கிட்டேன். எல்லாரும் பண்றதுதானே! பன்னிரண்டு முகம் தனித்தனியா வரைய நேரம் எங்க இருக்கு?"

"கன்னியம்மாவுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"எதுக்குக் காட்டணும்? அசிங்கமாவா வரைஞ்சிருக்கேன்? எல்லாரும் சிரிச்சுக்கிட்டுதானே நிக்கறாங்க!"

திலோத்தமைக்கு முகம் சிவந்தது. பேனாவை மேசைமேல் ஓசைப்பட வைத்தார். நல்ல கோபம்தான், ஆனால் அடக்கிக்கொண்டார்.

அருளப்பன் இறங்கி வந்தார். "சரி டீச்சர். இறகை எடுத்துட்டு ஒரு சேலையப் போட்டுடறேன், ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அந்தம்மா மேடைக்கு வரக்கூடாது. படத்துல மத்த பதினொரு பேர் பேசாம நிக்கையில இவங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"பதினொரு பேர் எங்க சார் இருக்காங்க?" என்றார் திலோத்தமை. "இதுவரைக்கும் உங்க படத்துல நின்னது ஒரே ஆளு. இன்னைக்குக் காலையிலதான் ரெண்டாவதா ஒருத்தங்க வந்திருக்காங்க. அவங்களையா நான் போகச் சொல்லணும்?"