வானத்துக்குப் பாலம் போட்ட எறும்புகள்

முசுறு எறும்புகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வழியில் இடைவெளி வந்தால், ஒருத்தியின் இடுப்பை இன்னொருத்தி பிடித்துச் சங்கிலியாக நீள்வார்கள். அக்கரைக் கிளையைத் தொட்டதும் பாலம் தயார்!

அந்த மலையில் அவர்கள் அப்படிக் கடக்காத மரமே இல்லை. கடைசியாக, மலை விளிம்பில் நின்ற நாவல் மரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கப்பால் மரமில்லை. வெறும் வானம்.

தலைவி நெட்டைக்காலி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுவும் இடைவெளிதானே! இடைவெளி என்றால் அக்கரை இருந்தே தீரும். வாங்கடி, கோத்துக்கொள்வோம்!"

அந்த மரத்தில் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த புதுக் கூட்டில் இலைகளைப் பாதிதான் தைத்திருந்தார்கள். உள்ளே புழுவாய் நெளியும் குஞ்சுகள். மேற்கே மேகம் கறுத்திருந்தது.

"மழைக்கு முன்னால் தையலை முடித்துவிடலாமே, அக்கா!" என்றாள் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் குட்டைமீசை.

"உனக்கு எப்போதும் இந்தக் குஞ்சுக் கவலைதான்! இதோ, எட்டிவிடுவோம்."

சங்கிலி நீண்டது. அதன் நுனியில் நெட்டைக்காலி. அவள் முன்கால்கள் காற்றைத் துழாவின.

"இன்னும் ஒருத்தி!" என்றாள். ஒருத்தி வந்து அடியில் சேர்ந்தாள்.

"இன்னும் ஒருத்தி!"

கூட்டின் இலைகளை இழுத்துப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். கடைசியில் குட்டைமீசை மட்டும் மிஞ்சினாள். இலை விளிம்பை அவள் ஒருத்தியாக இழுத்துப் பிடித்தாள். முதல் துளி விழுந்தது.

"இன்னும் ஒருத்தி!" என்று குரல் வந்தது.

"நான் வந்தால் குஞ்சுகள் போச்சு! அக்காவிடம் ஒன்று கேளுங்கடி. நாலு பேராய் நீண்டபோது அக்கரை எவ்வளவு தூரம்? இப்போது எவ்வளவு தூரம்?"

கேள்வி வாய் வாயாக நுனிக்குப் போனது. நெட்டைக்காலி நிமிர்ந்து பார்த்தாள்.

"அதே தூரம்தான்," என்றாள் மெல்ல. "ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. திரும்புங்கடி!"

எல்லாரும் ஓடி வந்தார்கள். அதற்குள் தையல் ஒரு பக்கம் பிரிந்து, சில குஞ்சுகள் நழுவிப் போயிருந்தன. மிஞ்சியவற்றைச் சுற்றி இலையை இழுத்து மூடினார்கள். மழை விடும்வரை நெட்டைக்காலி இலை விளிம்பை விடவே இல்லை.

இலை இடுக்கு வழியே மறுபடி வானம் தெரிந்தது.

"அப்படியானால் அக்கரையே இல்லையா, அக்கா?" என்றாள் ஒருத்தி.

"தெரியாதுடி. நம்மைக் கோத்து அளக்கிற தூரம் இல்லை அது." குஞ்சுகள் கிடந்த வெற்றிடத்தை நெட்டைக்காலி மெல்லத் தடவினாள்.

எல்லையில்லாததை அண்ணாந்து பார்த்து வியக்கலாம். அதை எட்டிப் பிடிப்பதற்காக, நம்மை நம்பியிருக்கும் உயிர்களைக் கைவிடக் கூடாது.